முதல் மனைவி கடைசியில் எங்கே போனாள்

பம்பாயில் அறுபதுகளின் தொடக்கத்தில் தமிழ்ப் படம் என்றால் ஞாயிற்றுக்கிழமை காலை ஒன்பது மணிக் காட்சிதான். மற்ற நாள், மற்ற நேரம் எல்லாம் தியேட்டர் இந்திப் படத்துக்கு. கிங்ஸ் சர்க்கிளிலிருந்து நடந்துபோகிற தூரத்தில் இருந்த தியேட்டர் வாசலில் எட்டரை மணிக்கே கூட்டம் சேர்ந்துவிடும். மாதுங்காவின் ஆபீஸ் குடும்பங்கள் தலைக்குக் குளித்துப் பூ வைத்துக்கொண்டு கல்யாணத்துக்கு வருவது போல வருவார்கள். தாராவியில் பட்டறை வேலை செய்யும் எங்கள் திருநெல்வேலி ஜில்லாக்காரர்கள் சலவைச் சட்டை போட்டுக்கொண்டு நடந்தே வருவார்கள். விக்ரோலியிலிருந்து கைக்குழந்தையோடு ரயிலேறி வருகிறவர்களும் உண்டு. எல்லோரும் உள்ளே போய் உட்கார்ந்து, காலங்கார்த்தாலே, வயிற்றில் இரண்டு இட்லியோடு, துரோகத்தையும் காசநோயையும் தற்கொலையையும் பார்த்து அழுவோம். பன்னிரண்டு மணிக்கு வெளியே வந்தால் வெயில் கண்ணைக் கூசும், பஸ்கள் தம் பாட்டுக்குப் போய்க்கொண்டிருக்கும், யாரும் யார் முகத்தையும் சரியாகப் பார்க்க மாட்டோம்.

எனக்கு அந்தப் பன்னிரண்டு மணி பிடிக்காது. குடும்பம் உள்ளவர்கள் படத்தைப் பற்றிப் பேசிக்கொண்டே வீட்டுக்குப் போவார்கள். அவள் அப்படிச் செய்திருக்கக் கூடாது என்று ஒரு அம்மாள் சொல்வாள். கணவர் அதை மறுப்பார். இருவரும் வழக்காடிக்கொண்டே காய்கறிக் கடைப் பக்கம் திரும்புவார்கள். நான் பத்தடி பின்னால் நடந்து ஒட்டுக் கேட்பேன். சில நாள் என் தெருவைத் தாண்டியும் அவர்கள் பின்னாலேயே போயிருக்கிறேன். வெட்கக்கேடுதான், ஆனால் உண்மை. எனக்கும் அபிப்பிராயங்கள் இருந்தன, மற்றவர்களைவிட அதிகமாகவே இருந்தன. கேட்பதற்குத்தான் ஆள் இல்லை.

அப்போது எனக்கு இருபத்தேழு வயது. ஃபோர்ட்டில் ஒரு கம்பெனியில் குமாஸ்தா வேலை. மாதுங்காவில் மூன்றாம் மாடியில் ஓர் அறையில் நாலு பேர் இருந்தோம். ஆளுக்கு ஒரு கட்டில், கட்டிலுக்கடியில் ஒரு டிரங்குப் பெட்டி, சாப்பாடு தெருமுனை மெஸ்ஸில். எனக்குக் கல்யாணமாகி ஒன்றரை வருஷம் ஆகியிருந்தது. மனைவி திருநெல்வேலியில் என் அப்பா அம்மாவோடு இருந்தாள். பம்பாயில் குடும்பம் வைக்க ஓர் அறை கிடைப்பது அத்தனை லேசில்லை. செம்பூரில் ஓர் இடம் காலியாகப் போகிறது என்று தெரிந்தவர் ஒருவர் ஒரு வருஷமாகச் சொல்லிக்கொண்டே இருந்தார். வருஷத்துக்கு ஒரு தடவை இருபது நாள் லீவில் ஊருக்குப் போவேன். கல்யாணச் சமயத்தையும் சேர்த்துப் பார்த்தால் நானும் அவளும் ஒரே வீட்டில் இருந்தது ஐம்பது நாள் தேறும். மீதியெல்லாம் கடிதம்தான்.

எங்கள் வீட்டில் கடிதம் என்பது வீட்டுக்கு வருவது, ஆளுக்கு வருவதில்லை. தபால்காரர் கொடுத்ததை அப்பா சாயங்காலம் வரை பிரிக்க மாட்டார். விளக்கு வைத்த பிறகு, அம்மா, தங்கை, என் மனைவி எல்லோரும் வந்து நின்ற பிறகு, கண்ணாடியை மாட்டிக்கொண்டு உரக்கப் படிப்பார். கோர்ட்டில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். எதைப் படித்தாலும் வாக்குமூலம் படிக்கிற தோரணை வந்துவிடும். கல்யாணமான புதிதில் மனைவியின் பெயருக்குத் தனியாக ஒரு கவர் போட்டேன். அதையும் விளக்கு வைத்த பிறகு அப்பா பிரித்து அப்படியே படித்துவிட்டார். நல்லவேளையாக, முதல் கடிதம் என்ற பயத்தில் பாதிக்குமேல் பம்பாய் மழையைப் பற்றியே எழுதியிருந்தேன். மீதிப் பாதியை அவர் எந்தக் குரலில் படித்திருப்பார் என்று நினைத்தால் இப்போதும் உடம்பு கூசுகிறது. ஒரே வீட்டுக்கு இரண்டு கடிதம் எதற்கு என்று அடுத்த தபாலில் கேட்டிருந்தார். அதோடு தனிக் கடிதம் முடிந்தது. அப்பா ஒன்றும் கெட்டவர் இல்லை, எங்கள் தெருவில் எல்லா வீட்டிலும் இதுதான் வழக்கம். எனக்குக் கோபம் வந்தது, அதைக் காட்டும் தைரியம் வரவில்லை.

அதன்பிறகு இன்லண்ட் கடிதம்தான். அதில் முதல் இரண்டு மடிப்பு அப்பாவுக்கும் அம்மாவுக்கும் போய்விடும். உடம்பு, வேலை, யார் வீட்டில் என்ன விசேஷம். மூன்றாவது மடிப்பு அவளுக்கு என்று மனசுக்குள் வைத்துக்கொண்டேன். ஆனால் என்ன எழுதுவது? அப்பா தன் வாயால் படித்து, அம்மாவும் தங்கையும் கேட்டு, அவளும் தலைகுனிந்து கேட்கக்கூடியதாக இருக்க வேண்டும். ஒரு ஞாயிற்றுக்கிழமை வேறு எதுவும் தோன்றாமல் காலையில் பார்த்த படத்தைப் பற்றி எழுதினேன்.

கப்பலில் வேலைக்குப் போன ஒருவனின் கதை அது. படம் சுமார்தான். பாட்டு நிறைய, கதை கொஞ்சம். ஆனால் அவன் தினமும் சாயங்காலம் மேல்தளத்தில் வந்து, ஊர் எந்தத் திக்கில் இருக்கிறது என்று யாரையாவது கேட்டுவிட்டு அந்தப் பக்கம் பார்த்து நிற்பான். நடிகர் அதிகமாக ஒன்றும் செய்யவில்லை, சும்மாதான் நின்றார், வீட்டை விட்டு வந்தவன் அப்படித்தான் நிற்பான், அதனால் அது நல்ல நடிப்பு என்று எழுதினேன். எழுதும்போது வேறு எந்த நினைப்பும் இல்லை. பத்து நாள் கழித்து அப்பாவின் பதில் வந்தது. அதன் ஓரத்தில் வழக்கம்போல அவளுக்கு விட்டிருந்த இரண்டு வரி இடத்தில், நமஸ்காரம், நான் சௌக்கியம் என்று எழுதிவிட்டு, கப்பல் படத்தில் வந்தவர் நேரத்துக்குச் சாப்பிடுகிறாரா என்று கேட்டிருந்தாள்.

மாடிப்படியில் நின்றுகொண்டு படித்தேன். இதென்ன அசட்டுக் கேள்வி என்று முதலில் சிரித்தேன். அறைக்கு வந்து சட்டையைக் கழற்றும்போதுதான் புரிந்தது. கட்டிலில் உட்கார்ந்து அந்த ஒரு வரியை எத்தனை தடவை படித்திருப்பேன் என்று தெரியாது. சாப்பாடு வேளைக்குக் கிடைக்கிறது, உப்புதான் ஜாஸ்தி என்று பதில் எழுதினேன். கப்பல் சாப்பாட்டைப் பற்றி என்ன இவ்வளவு விசாரணை என்று அம்மா கேட்டதாகத் தங்கை பிற்பாடு சொன்னாள்.

அப்படி ஒரு வருஷம் ஓடியது. நான் படம் பார்ப்பதே அவளுக்கு எழுதத்தான் என்று ஆகிவிட்டது. சிரிப்புப் படங்களுக்குப் போவதை விட்டேன். அவற்றில் எழுத ஒன்றும் கிடைக்காது. கஷ்டமான கதைகளைத் தேடிப் போனேன். தமிழ்ப் படம் இல்லாத வாரம் தாதருக்குப் போய் இந்திப் படம் பார்த்தேன். அரைகுறையாகப் புரிந்த இந்தியில் பார்த்த மில் வேலைநிறுத்தக் கதையைப் பற்றி ஒரு மடிப்பு முழுக்க விளாசித் தள்ளியிருக்கிறேன். பசியால் வாடுகிற தொழிலாளியின் மனைவிக்கு அவ்வளவு மை எதற்கு, கண்ணில் மை தீட்டிக்கொண்டு யாராவது பட்டினி கிடப்பார்களா என்று கேட்டிருந்தேன். விஷக்காய்ச்சல் பரவிய ஓர் ஊரைப் பற்றி ஒரு படம் வந்தது. அதில் வரும் மருமகள் யாரிடமும் சொல்லாமல் காய்ச்சலோடு வேலை செய்வாள். அதை எழுதியதும் என் மனைவியிடமிருந்து பதில் வந்தது: காய்ச்சல்காரிக்கு இப்போது தேவலை, ஆனால் பத்து நாள் எழுந்திருக்கவில்லை. அவள் படுத்துக்கிடந்த செய்தியை அப்பா எழுதவே இல்லை. அந்த வருஷ லீவில் ஊருக்குப் போய்த் திரும்பிய பிறகு வந்த ஒரு கடிதத்தின் ஓரத்தில், அடுத்து பார்க்கிற படத்தில் குழந்தை வருமா, இங்கே வரும் போலிருக்கிறது என்று எழுதினாள். அன்றைக்கு மெஸ்ஸில் என்ன சாப்பிட்டேன் என்றே தெரியவில்லை.

ஏழாம் மாதத்தில் அப்பாவின் கடிதம் வந்தது. குழந்தை தங்கவில்லை, தாய்க்கு ஆபத்தில்லை, இன்னொரு குழந்தை இனிமேல் கஷ்டம் என்று லேடி டாக்டர் சொல்கிறாள், நீ புறப்பட்டு வந்து லீவை வீணாக்க வேண்டாம். அவ்வளவுதான். ஓரத்தில் அவள் கையெழுத்து இல்லை.

நான் போகவில்லை. வரவேண்டாம் என்று அப்பா எழுதியிருக்கிறார், போகக்கூடாது போலிருக்கிறது என்று எடுத்துக்கொண்டேன். மறுநாள் வழக்கம்போல எட்டே முக்கால் ரயிலைப் பிடித்தேன். ஆபீஸில் யாரிடமும் சொல்லவில்லை. அறையிலும் சொல்லவில்லை. என்னவென்று சொல்வது? நான் பார்த்தே இராத ஒன்று இல்லாமல் போய்விட்டது, அவ்வளவுதானே. அழுகை வரவில்லை. சுற்றிலும் பம்பாயின் இத்தனை ஜனம், இடித்துக்கொண்டு ஏறி இடித்துக்கொண்டு இறங்குகிற ஜனம். அதற்குள் நான் ஒருவன் ஒரு சொல் பேசாமல் போய் வந்துகொண்டிருந்தேன். வீட்டுக்கு எழுதிய கடிதங்களில் மூன்றாவது மடிப்பில் மழை பெய்கிறது, மழை விட்டது என்று எழுதினேன். அவளும் நமஸ்காரம், சௌக்கியம் என்று எழுதினாள்.

இரண்டு மாதத்துக்கு மேல் படம் பார்க்கவில்லை. பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை அறையில் இருந்த பாலக்காட்டுக்காரர் விடாப்பிடியாக இழுத்துக்கொண்டு போனார். என்னைவிட இரண்டு வயது மூத்தவர், ஸ்டெனோகிராபர், கல்யாணம் ஆகாதவர். தமிழ்ப் படம் ஒவ்வொன்றையும் திட்டுவார், ஒன்றையும் விடமாட்டார்.

அந்தப் படத்தின் கதை இதுதான். கல்யாணமாகி ஏழு வருஷம் ஆகியும் பிள்ளை இல்லாத ஒருத்தி, தானே போய்ப் பெண் பார்த்து, தன் கணவனுக்கு இரண்டாம் கல்யாணம் செய்து வைக்கிறாள். இளையவளுக்குக் குழந்தை பிறக்கிறது. மூத்தவள் அந்தக் குழந்தையை வளர்க்கிறாள். குழந்தை யாரை அம்மா என்று கூப்பிடுவது என்று தகராறு வருகிறது. கடைசியில் அவள் அண்ணன் வீட்டுக்குப் போய்விடுகிறாள். இன்றைக்கு யோசித்தால் கொடுமையான கதை. ஒரு பெண்ணைக் கசக்கிப் பிழிந்துவிட்டு அதற்குத் தியாகம் என்று பேர் வைத்த கதை. அன்றைக்கு எனக்கு அப்படித் தோன்றவில்லை.

காரணம் ஒரே ஒரு இடம். இடைவேளைக்கு முன்னால், அவள் தனியாக இருக்கும்போது பெட்டியின் அடியிலிருந்து சின்னச் சின்னச் சட்டைகளை எடுப்பாள். பிறக்கும் என்று நினைத்து எப்போதோ தைத்து வைத்தவை. ஒவ்வொன்றாகப் பிரித்துப் பார்த்துவிட்டு மறுபடி மடித்து வைப்பாள். வசனம் இல்லை, பாட்டு இல்லை. வாத்தியம்கூட வைக்காமல் விட்டிருந்தார்கள். நான் அழ ஆரம்பித்தேன். சத்தம் போட்டு அழுதேன். முன்வரிசையில் இருந்த அம்மாள் திரும்பிப் பார்த்தாள். பாலக்காட்டுக்காரர் ஒன்றும் கேட்காமல் தன் கைக்குட்டையை என் மடியில் வைத்தார். இடைவேளை விளக்குப் போட்டபோதும் என்னால் நிறுத்த முடியவில்லை. குழந்தை போன பிறகு நான் அழுதது அன்றுதான்.

மத்தியானம் மெஸ்ஸுக்குப் போகாமல் இன்லண்டை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தேன். அழுத விஷயத்தை எழுத வேண்டும் என்றுதான் பேனாவைத் திறந்தேன். சின்னச் சட்டை என்று எழுதப் போகும்போது அப்பாவின் குரல் கேட்டது. விளக்கு வைத்த கூடத்தில், அந்த வாக்குமூலத் தோரணையில், சின்னச் சட்டை என்று அவர் படிக்க அவள் நின்று கேட்க வேண்டும். எழுத முடியவில்லை. ஆனால் மனசில் இருந்த வேகம் எங்கேயாவது போய்த்தானே ஆகவேண்டும்? படத்தைப் புகழ்ந்து தள்ளினேன். இப்படி ஒரு படம் இதுவரை வந்ததில்லை என்றேன். அந்த முதல் மனைவிக்கு இருக்கிற மனசு யாருக்கு வரும், வீடு விளங்க வேண்டும் என்று தானே பெண் பார்த்து முடித்து வைக்கிறாளே, பெண் என்றால் அவள்தான் பெண் என்றேன். எல்லோரும் பார்க்க வேண்டிய படம் என்று முடித்து, எச்சில் தடவி ஒட்டி, அன்றைக்கே பெட்டியில் போட்டேன். இரண்டு மாதத்துக்குப் பிறகு மூன்றாவது மடிப்பு நிறைந்திருந்தது. மனசு கொஞ்சம் லேசானது போலக்கூட இருந்தது.

அப்பாவின் பதில் வழக்கத்தைவிடச் சின்னதாக வந்தது. படத்தைப் பற்றி நீ எழுதியது தெரிந்துகொண்டோம், எதையும் நிதானமாகச் செய்வோம் என்றிருந்தது. சினிமாவைப் பற்றி அப்பா என்ன நிதானமாகச் செய்யப் போகிறார் என்று எனக்குச் சிரிப்பு வந்தது. ஓரத்தில் அவள் எழுதியிருந்தாள். வெகு நாளைக்குப் பிறகு சௌக்கியத்துக்கு மேல் ஒரு வரி. முதல் மனைவி கடைசியில் எங்கே போனாள் என்று எழுதவில்லையே.

சரியாகத்தான் கேட்டிருக்கிறாள், முடிவை எழுதாமல் விட்டுவிட்டேனே என்று நினைத்தேன். படத்தின் முடிவைப் பற்றி எனக்கும் பாலக்காட்டுக்காரருக்கும் ஒரு வாரமாகச் சண்டை நடந்துகொண்டிருந்தது. அவள் போயிருக்கக் கூடாது, இருந்து உரிமையைக் கேட்டிருக்க வேண்டும் என்பது அவர் கட்சி. போனதுதான் அழகு என்பது என் கட்சி. அந்தச் சண்டைச் சூட்டோடு பதில் எழுதினேன். கடைசியில் அவள் தன் அண்ணன் வீட்டுக்குப் போய்விடுகிறாள், அதுதான் பொருத்தமான முடிவு, அங்கேயே இருந்திருந்தால் எல்லாம் கெட்டுப்போயிருக்கும் என்றேன். அந்த வரியை எழுதிவிட்டு நன்றாக அமைந்துவிட்டது என்று ஒருமுறை படித்தும் பார்த்தேன்.

அதற்கடுத்து வந்த கடிதத்தை ஆபீஸ் விட்டு வந்து, காலணியைக்கூடக் கழற்றாமல் பிரித்தேன். அப்பா எழுதியிருந்தார். உன் மனைவி கோவில்பட்டியில் அவள் அண்ணன் வீட்டுக்குப் போய்விட்டாள். இங்கே யாரும் அவளை ஒரு வார்த்தை சொல்லவில்லை. உன் கடிதத்தைப் படித்த மறுநாள் தானாகவே அண்ணனுக்குத் தகவல் அனுப்பிவிட்டு, அவர் வந்ததும் பெட்டியை எடுத்துக்கொண்டு, எங்கள் இருவரையும் கும்பிட்டுவிட்டுப் புறப்பட்டாள். அவரே அழைத்துப் போனார். உன் விருப்பம் இன்னதென்று தெரிந்துவிட்டதால் அம்மா ஓரிடத்தில் ஜாதகம் கேட்டு வைத்திருக்கிறாள். மற்றவை நேரில்.

எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. என் விருப்பம் என்று எதைச் சொல்கிறார்? யாருடைய ஜாதகம்? நான் நின்ற நிலையைப் பார்த்து பாலக்காட்டுக்காரர் வந்து கடிதத்தை வாங்கிப் படித்தார். அதற்கு முன்னால் வந்த கடிதத்தையும் கேட்டார். எடுத்துக் கொடுத்தேன். ஓரத்து வரியைப் படித்துவிட்டு என்னை நிமிர்ந்து பார்த்தார்.

"அவ கேட்டது படத்தைப் பத்தியா?" என்றார்.

நான் கடிதத்தைத் திருப்பி வாங்கி அந்த வரியை மறுபடி பார்த்தேன்.

"நீ என்ன எழுதினே?"

சொன்னேன். அவர் தலையில் கை வைத்துக்கொண்டு கட்டிலில் உட்கார்ந்துவிட்டார். அவருக்கு எங்கள் வீட்டு நடப்பெல்லாம் தெரியாது, குழந்தை விஷயமும் தெரியாது. ஆனாலும் அவருக்குப் புரிந்துவிட்டது. எனக்குத்தான் அதுவரை புரிந்திருக்கவில்லை. ஒரு வருஷமாகப் படம் என்ற பேரில் எங்களைப் பற்றியே எழுதிக்கொண்டிருந்தவன், எங்களைப் பற்றி எழுத வேண்டிய சமயத்தில் வெறும் படத்தைப் பற்றி எழுதிவிட்டேன். அந்தப் பழக்கத்தை ஆரம்பித்தவனே நான்தான். போ என்று சொல்கிறாயா என்று அவள் கேட்டிருக்கிறாள். ஆமாம் போ, அதுதான் பொருத்தம், இருந்தால் கெட்டுப்போகும் என்று நான் பதில் எழுதியிருக்கிறேன். அதை என் அப்பா உரக்கப் படித்திருக்கிறார். அவள் அங்கே நின்று கேட்டிருக்கிறாள்.

உடனே ஒரு கடிதம் எழுத உட்கார்ந்தேன். அண்ணன் வீட்டு விலாசத்துக்கு, அவள் பெயருக்கே. இரண்டு வரி எழுதினேன், கிழித்தேன். எழுதி எழுதித்தானே இந்தக் கதி? மறுநாள் மேலதிகாரியிடம் போய் மனைவிக்கு உடம்பு சரியில்லை, ஊருக்குப் போக வேண்டும் என்றேன். அவர் தலையை நிமிர்த்தாமல் எத்தனை நாள் என்று கேட்டுக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். இரண்டு நிமிஷம்கூட ஆகவில்லை. குழந்தை போனபோதும் இதே இரண்டு நிமிஷம்தான் ஆகியிருக்கும். அந்தத் தாளைக் கையில் வைத்துக்கொண்டு ஆபீஸ் வராந்தாவில் வெகு நேரம் நின்றேன். என்மேல் எனக்கு வந்த ஆத்திரம் அதற்கு முன்னாலும் வந்ததில்லை, பின்னாலும் வந்ததில்லை.

மதராஸ் மெயிலில் ரிசர்வேஷன் இல்லாமல் உட்கார்ந்தும் நின்றும் போனேன். அங்கிருந்து எழும்பூர் போய் வேறு ரயில். வழியெல்லாம் சொல்ல வேண்டியதை மனசுக்குள் அடுக்கிக்கொண்டே போனேன். கோவில்பட்டியில் இறங்கும்போது ஒன்றும் மிச்சமில்லை. மத்தியானம் ஆகியிருந்தது. அவள் அண்ணன் பஞ்சாலையில் வேலை பார்த்தார். சாப்பாட்டுக்கு வந்திருந்தார். வாங்க மாப்ள என்றார். முகத்தில் சிரிப்பும் இல்லை, கோபமும் இல்லை. தண்ணீர் கொடுக்கச் சொல்லிவிட்டு, நேரமாயிற்று என்று சைக்கிளை எடுத்துக்கொண்டு போய்விட்டார். அண்ணன் மனைவி சொம்பை என் முன்னால் வைத்துவிட்டுப் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு பின்கட்டுக்குப் போனாள்.

அவள் உள்ளிருந்து வந்து அறைவாசல் நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். இளைத்திருந்தாள். பிற்பாடு நாங்கள் செம்பூரில் குடித்தனம் வைத்தோம், வருஷக்கணக்காகச் சேர்ந்து வாழ்ந்தோம், சண்டை போட்டோம், ஞாயிற்றுக்கிழமைகளில் படமும் பார்த்தோம். ஆனால் அவளை நினைத்தால் எனக்கு முதலில் தெரிவது அன்றைக்கு நிலையைப் பிடித்திருந்த அந்தக் கைதான். அதில் வளையல் தளர்ந்து முழங்கை வரைக்கும் இறங்கியிருந்தது.

"நீங்க எழுதுனதத்தான் செஞ்சேன்" என்றாள்.

நான் எழுதியது படத்தைப் பற்றி என்றேன். இரண்டாம் கல்யாணம் என்ற நினைப்பே எனக்குக் கிடையாது, அப்பா அம்மா தப்பாக எடுத்துக்கொண்டுவிட்டார்கள் என்றேன். ஜாதகத்தைத் திருப்பிக் கொடுக்கச் சொல்லப் போகிறேன் என்றேன். எல்லாம் சரியான பதில்கள்தான். அவள் கேட்டுக்கொண்டு நின்றாளே தவிர முகம் மாறவில்லை. அப்புறம் ஏன் அந்தப் படத்தை அப்படிப் புகழ்ந்தீர்கள் என்று கேட்டாள். அந்தப் பொம்பளை என்ன அப்படி உசத்தி என்றாள்.

அப்போது சொன்னேன். பெட்டியைத் திறந்து சின்னச் சட்டைகளை எடுத்து மடித்து வைப்பதைச் சொன்னேன். தியேட்டரில் எல்லோரும் திரும்பிப் பார்க்கும்படி அழுததைச் சொன்னேன். படம் முழுக்க எனக்கு அந்த ஒரு இடம்தான், மற்றதெல்லாம் ஞாபகம்கூட இல்லை என்றேன்.

அவள் நிலையிலிருந்து கையை எடுத்துவிட்டுக் கீழே உட்கார்ந்தாள்.

"அத எழுதியிருக்கலாம்லா" என்றாள்.

"அப்பா எல்லாரு முன்னாலயும்லா படிப்பாவ."

"படிக்கட்டுமே. நம்ம புள்ளதான?"

நம்ம புள்ள என்ற சொல்லை அதுவரை யாரும் என்னிடம் சொல்லியிருக்கவில்லை. அப்பாவின் கடிதத்தில் குழந்தை என்று இருந்தது. நான் அந்தச் சொல்லைக்கூட எங்கேயும் சொல்லாமல், எழுதாமல், ரயிலேறிப் போய் ரயிலேறி வந்துகொண்டிருந்திருக்கிறேன். திடீரென்று ஒன்று உறைத்தது. பிறந்தது ஆணா பெண்ணா என்று எனக்குத் தெரியாது. யாரும் எழுதவில்லை, நானும் கேட்கவில்லை. ஐந்து மாதம் ஆகியிருந்தது. அவளிடம் கேட்டேன்.

அவள் என்னைப் பார்த்த பார்வையை என்னால் எழுத முடியாது. பிறகு சொன்னாள்.

"பொம்பளப்புள்ள. காது ஒங்க காது மாரியே இருந்துச்சு. துணியச் சுத்தி ஒடனே கொண்டு போய்ட்டாங்க. நான் மட்டுந்தான் பாத்தேன்."